ஒரு சாக்குச் சாண உரத்தில் எவ்வளவு சத்து?

கேள்வி: செம்பனைத் தோட்டத்தில் ஆறு மாடுகள் வைத்திருக்கிறோம். கொட்டகைச் சாணத்தை மூன்று மாதம் மக்கவைத்து 25 கிலோ சாக்குகளில் கட்டியிருக்கிறேன். அதில் சத்து எவ்வளவு இருக்கும்? மிளகாய்க்கு 15:15:15 உரத்தை நிறுத்திவிடலாமா? – வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: நிறுத்த வேண்டாம் அம்மா, குறைக்கலாம். எவ்வளவு குறைப்பது என்பதை உங்கள் சாக்கே சொல்லும்.

முதலில் ஈரத்தைக் கண்டுபிடியுங்கள். நாலைந்து சாக்குகளின் நடுவிலிருந்து ஒரு பிடி ஒரு பிடியாக எடுத்துக் கலந்து, சரியாக 1 கிலோ நிறுத்துக்கொள்ளுங்கள். தகரத்தில் மெல்லியதாகப் பரப்பிக் காயவையுங்கள். மத்தியான மழைக்கு முன்னால் உள்ளே எடுத்துவிட வேண்டும். எடை இனிக் குறையவில்லை என்று ஆனதும் நிறுங்கள். 400 கிராம் மிஞ்சினால், 25 கிலோ சாக்கில் 15 கிலோ வெறும் தண்ணீர், 10 கிலோதான் உரம்.

அப்புறம் காய்ந்த மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். தழைச்சத்து (நைட்ரஜன்) 1.5 சதவீதம் என்று வந்தால் உங்கள் சாக்கில் இருப்பது 150 கிராம். 15:15:15 என்றால் தழை, மணி, சாம்பல் சத்து ஒவ்வொன்றும் 15 சதவீதம்; ஆக ஒரு கிலோ உரத்திலும் தழைச்சத்து அதே 150 கிராம்தான். ஆனால் சாணத்தின் தழைச்சத்து நுண்ணுயிர்கள் சிதைத்த பிறகே வேருக்குக் கிடைக்கும். முதல் பருவத்தில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே சாக்குக்கு 250 முதல் 300 கிராம் வரை ரசாயன உரத்தைக் குறைத்தால் போதும். சாம்பல் சத்து (பொட்டாசியம்) அப்படியல்ல, பெரும்பாலும் உடனே கிடைத்துவிடும்.

ஆய்வுத் தாளில் பாஸ்பரஸ் (மணிச்சத்து), பொட்டாசியம் என்று தனிமக் கணக்கில் போட்டிருந்தால் முறையே 2.29, 1.2 ஆல் பெருக்குங்கள். உரச் சாக்கில் அச்சடிப்பது ஆக்சைடு (P₂O₅, K₂O) கணக்கு, பெருக்கினால்தான் இரண்டையும் ஒப்பிட முடியும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது உங்கள் கொட்டகைத் தரைதான். மாடு கழிக்கும் தழைச்சத்தில் ஏறக்குறைய பாதியும், சாம்பல் சத்தில் பெரும்பங்கும் மூத்திரத்தில் இருக்கின்றன. சிமெண்டுத் தரையைக் குழாய் வைத்துக் கழுவினால் அத்தனையும் சாக்கடைக்குத்தான் போகும். மரத்தூளோ உமியோ பரப்பி மூத்திரத்தை உறிஞ்சவிட்டு, அதையும் குவியலில் சேருங்கள். மரத்தூள் சேர்ந்தால் இன்னும் ஓரிரு மாதம் கூடுதலாக மக்க வேண்டும்.

மழைக்குப் பிறகு குவியலின் அடியில் தேநீர் நிறத்தில் தண்ணீர் கசிகிறதா என்று பாருங்கள். கசிந்தால் சத்து கரைந்து ஓடுகிறது. இன்றைக்கே தார்ப்பாய் போட்டு மூடுங்கள். அடுப்புச் சாம்பலைக் குவியலில் கொட்டாதீர்கள். அது சேர்ந்தால் மூக்கைத் துளைக்கும் அம்மோனியா வாடை வரும், தழைச்சத்து காற்றோடு போய்விடும். சாம்பலைத் தனியாகச் செடிக்குப் போடுங்கள்.