தேநீர் வாங்கப் போன நேரத்தில்

அன்புள்ள ஐயா,

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கப்பல் தச்சரிடம் தொழில் பழகும் ஒரு சிறுவனைப் பற்றி நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவன் எத்தனை மணி நேரம் உழைத்திருப்பான்? என்ன சாப்பிட்டிருப்பான்? கூலி உண்டா? அந்தக் காலத்தில் ஆசான் பையனைத் தன் வீட்டிலேயே பிள்ளைபோல வைத்துக்கொண்டு மனமுவந்து வித்தையைக் கொடுத்தார், இன்றைய தொழிற்கல்வியில் அந்தப் பாசம் இல்லை என்பதுதான் நாவலின் மையம்.

ச.

அன்புள்ள ச.,

சாப்பாட்டை நீங்களே தேடிக்கொள்ளுங்கள். நேரத்துக்குச் சட்டமே இருந்தது. 1563இல் வந்த தொழிலாளர் சட்டப்படி, மார்ச் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை காலை 5 மணிக்குள் வேலையில் நிற்க வேண்டும். மாலை 7 மணிக்கு மேல்தான் விடுதலை. நடுவில் சாப்பாட்டுக்கும் ஓய்வுக்குமாகச் சேர்த்து இரண்டரை மணி நேரம். குளிர்காலத்தில் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை. குறைந்தது ஏழு வருடம் இப்படி. அரசரின் கப்பல்துறைகளில் பையன் பெயரில் விழும் கூலியை ஆசானே வாங்கிக்கொள்வார்.

ஆனால் அந்த 'மனமுவந்து' என்ற சொல்லை எங்கிருந்து எடுத்தீர்கள்? மூன்று நாளாக அதுதான் என்னை உறுத்துகிறது. பையன் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்தீர்களா? சூதாட மாட்டேன், மதுக்கடைக்குப் போக மாட்டேன், கல்யாணம் செய்துகொள்ள மாட்டேன், ஆசானின் ரகசியங்களைக் காப்பேன். இந்தக் கடைசி வாக்குறுதியில் கொஞ்சம் நில்லுங்கள். காப்பாற்றும்படி அவனிடம் எந்த ரகசியத்தைச் சொன்னார்கள்?

கோடாரியாலும் வாய்ச்சியாலும் ஓக் மரத்தைச் செதுக்குவது, தமர் பிடித்துத் துளையிடுவது, மர ஆணி அடிப்பது, பழங்கயிற்றைப் பிரித்த நாரைப் பலகை இடுக்கில் நீர் புகாதபடி திணித்துக் கலப்பத்து பார்ப்பது, இதெல்லாம் பார்த்துப் பார்த்துக் கைக்கு வந்துவிடும். வித்தை அங்கே இல்லை. வித்தை கோட்டில் இருந்தது. ஏரா என்ற அடிமரத்தின் மேல் விலா எலும்புபோல நிற்கும் வளைசட்டம்தான் வங்கு; ஒவ்வொரு வங்குக்கும் வளைவு வேறு. நடுக்கப்பலில் அகன்று, முன்னும் பின்னும் போகப் போகக் குறுகி, அடிப்பாகம் மெல்ல மேலேறும். வட்டவில்களை ஒன்றோடொன்று இணைத்துத்தான் அந்த உருவத்தைப் பிடிப்பார்கள். எந்த வங்குக்கு எவ்வளவு குறுக்க வேண்டும், எவ்வளவு ஏற்ற வேண்டும் என்ற கணக்கு ஆசானிடம் இருக்கும். பையன் கைக்கு வருவது வளைவை வெட்டிவைத்த அச்சுப்பலகையும் அதன்மேல் கீறிய அடையாளமும் மட்டுமே. அடையாளம் ஏன் அங்கே விழுந்தது என்று அவனுக்குத் தெரியாது. ஏழு வருடம் முடிந்தும் தெரியாது.

இது என் ஊகமில்லை. எட்மண்ட் புஷ்னெல் என்ற கப்பல் தச்சர் 1664இல் கப்பல் கட்டுவது பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தெரிந்தவர்கள் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள், கற்றுத்தருவதாக ஒப்பந்தம் போட்டும் பல பையன்களை அறியாமையிலேயே விட்டுவிடுகிறார்கள் என்று அதன் முன்னுரையில் பொருமுகிறார்.

எனக்குப் பதினேழு வயதில் ஒரு மரப்பட்டறையில் ஒன்றரை வருடம் இருந்தேன். ஆசாரி என்னை அடித்ததே இல்லை. தீபாவளிக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தார். உளி பட்டுக் கை கிழிந்தபோது சைக்கிளில் உட்காரவைத்து மூச்சிரைக்க மிதித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஆனால் சுழல் படிக்கட்டின் கைப்பிடிக்குக் கோடு போடும் நேரம் வந்தால், "தம்பி, டீ வாங்கிட்டு வந்துரு" என்பார். தூக்குப்பாத்திரத்தோடு திரும்பினால் பலகை குப்புறக் கிடக்கும். ஒருநாள் அதை நிமிர்த்திப் பார்த்தேன். அதற்குள் கோடுகளை இழைத்துவிட்டிருந்தார். பாசம் இல்லாமலா? இருந்தது, ச. என்னைப் பெற்றவரிடம்கூட அவ்வளவு கிடைத்ததில்லை. பாசமும் மறைப்பும் ஒரே மனிதருக்குள் இருந்தன. நாளைக்கு இவன் எதிரே கடை போட்டால் என்ன செய்வது என்ற பயம் அவருக்கு. உங்கள் நாவல் இதைத் தொடவே இல்லை. பாசம் என்று ஒரே சொல்லில் மூடிவிடுகிறீர்கள்.

அந்தக் காலத்து ஆங்கிலக் கப்பல் தச்சர் ஃபினியாஸ் பெட் தன் வாழ்க்கையைத் தானே எழுதிவைத்திருக்கிறார், அதைப் படியுங்கள். லண்டனை ஒட்டிய டெப்ட்ஃபோர்டு கப்பல்துறையின் தலைமைக் கப்பல் தச்சருடைய மகன். அப்பா இறந்தபின் 1590இல் ரிச்சர்ட் சாப்மன் என்பவரிடம் சேர்ந்தார். கருவிக்கும் துணிக்குமாக வருடத்துக்கு 46 ஷில்லிங் 8 பென்ஸ். ஏறக்குறைய இரண்டு வருடம், ஒன்றுக்கும் உதவாமல் போனது என்கிறார். தொழில் குடும்பத்துப் பிள்ளைக்கே இந்தக் கதி. பிறகு மேத்யூ பேக்கர் என்ற மூத்த கப்பல் தச்சரிடம் வேலை பார்த்தபோது, குளிர்கால மாலைகளில் உட்கார்ந்து கணக்கும் வரைபடமும் பழகினார். பேக்கர் அவ்வப்போது சொல்லிக்கொடுத்தார். தனக்குக் கிடைத்த பெரிய வெளிச்சம் அவரிடமிருந்துதான் என்று பெட் நன்றியோடு ஒப்புக்கொள்கிறார்.

அதே பேக்கர், எண்பதை நெருங்கும் வயதில், பெட் கட்டிக்கொண்டிருந்த 'பிரின்ஸ் ராயல்' கப்பலின் வடிவம் தவறு என்றவர்களோடு சேர்ந்து நின்றார். 1609இல் ஜேம்ஸ் அரசரே வுலிச் கப்பல்துறைக்கு வந்து விசாரித்து பெட் பக்கம் தீர்ப்புச் சொன்னார். என் ஆசாரி எதற்குப் பயந்தாரோ அது அந்தக் கிழவருக்கு நடந்துவிட்டது. ஆனாலும் அவர் கோட்டைக் காட்டியிருந்தார். அதனால்தான் பேக்கரை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

உங்கள் ஆசானை நல்லவராகவே எழுதுங்கள். கோடு போடும் நேரத்தில் அவர் பையனை எங்கே அனுப்பினார் என்பதையும் எழுதுங்கள். அந்த அத்தியாயம் முடிந்ததும் எனக்கு அனுப்பிவையுங்கள்.