2013 தபால் முத்திரை குத்திய உறையில் 2005-இல் இறந்தவரின் கையெழுத்து: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: நான் திருநெல்வேலியில் ஓய்வு பெற்ற ஆசிரியர். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் பற்றிய முதல் நாள் உறைகளை (புதுத் தபால்தலை ஒட்டி, அது வெளியான நாளின் முத்திரை குத்திய உறைகள்) சேர்த்து வருகிறேன். எட்டு மாதம் முன்பு ஓர் ஆன்லைன் சந்தையில் 'ரோசா பார்க்ஸ் கையெழுத்திட்ட முதல் நாள் உறை, சான்றிதழுடன்' என்ற விளம்பரத்தைப் பார்த்து ரூ.38,000 கொடுத்து வாங்கினேன். முத்திரையில் 4 பிப்ரவரி 2013 என்று இருக்கிறது. பேருந்தில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்துப் புகழ்பெற்ற பார்க்ஸ் 2005-லேயே காலமாகிவிட்டார் என்று நண்பர் இப்போதுதான் சொன்னார். விற்றவர் வேறு மாநிலத்துக்காரர். 'சேகரிப்புப் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது' என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: பணம் திரும்ப நல்ல வாய்ப்பு இருக்கிறது. ரோசா பார்க்ஸ் இறந்தது 24 அக்டோபர் 2005. உறையில் ஒட்டியிருக்கும், அவரைப் போற்றும் தபால்தலை வெளியானது அவருடைய நூறாவது பிறந்தநாளில், மிச்சிகன் மாநிலம் டியர்பார்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில். 1955-இல் அவர் இருக்கையை விட்டு எழ மறுத்த மான்ட்கோமரி நகரப் பேருந்தும் அங்கேதான் இருக்கிறது.

எதிர்த்தரப்பு வக்கீலாக நான் இருந்தால் இப்படித்தான் சொல்வேன்: "பார்க்ஸ் உயிரோடு இருந்தபோது வெறும் உறையில் வாங்கிய கையெழுத்து அது. பிறகு தபால்தலையை ஒட்டி முத்திரை குத்தினார்கள்." நடக்காத காரியம் இல்லை. அதனால் கையெழுத்து மை எங்கே ஓடுகிறது என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். முத்திரைக் கோட்டின் மேல் மை ஏறியிருந்தால் அது 2013-க்குப் பிறகு போட்ட கையெழுத்துதான். இரண்டும் தொடாமல் விலகி இருந்தால் ஆவண நிபுணரின் கருத்து தேவைப்படலாம். அதுவரை உறையைத் துடைக்காதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். சான்றிதழ் யார் கொடுத்தது என்றும் பாருங்கள். விற்றவரே அடித்துக் கொடுத்த காகிதம் என்றால், அது அவருடைய வாய்மொழிக்கு மேல் ஒன்றுமில்லை.

சரி, சட்டம். 1930-ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, விவரித்து விற்ற பொருள் அந்த விவரிப்போடு ஒத்துப்போக வேண்டும். 'முத்திரைத் தேதி படத்திலேயே தெரிந்ததே, பார்த்துத்தானே வாங்கினீர்கள்' என்று அவர் சொல்லக்கூடும். ஆனால் கையெழுத்து இருக்கிறது என்று சொன்னவர் அவர்தான். 'ரிட்டர்ன் கிடையாது' என்பதும் செல்லாது. விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ போலிப் பொருளையோ திரும்ப எடுக்க மறுக்கக்கூடாது என்று 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிக) விதிகளின் 6-ஆவது விதி சொல்கிறது.

முதலில் சந்தைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும். விற்றவரின் முழு முகவரியையும் எழுத்தில் கேளுங்கள்; தர வேண்டியது அவர்கள் கடமை. அப்புறம் விற்றவருக்கு ஸ்பீட் போஸ்டில் ஒரு நோட்டீஸ். விளம்பரம் காணாமல் போகும் முன் இன்றே ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே, அதாவது திருநெல்வேலியிலேயே தொடுக்கலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தந்த பெரிய வசதி இது. பொருளுக்குக் கொடுத்த விலை ரூ.5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. கால வரம்பு இரண்டு ஆண்டு, உங்களுக்கு நேரம் இருக்கிறது. கையெழுத்து இல்லாத அதே உறை மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும், எனவே கொடுத்த ரூ.38,000-ம் கையெழுத்துக்காகத்தான் என்று மனுவில் தெளிவாக எழுதுங்கள். இதே உறைகளின் விற்பனை விலைப் பட்டியல் ஒன்றிரண்டை இணைத்தால் போதும்.

ஒரு முட்டுக்கட்டை உண்டு. மறுவிற்பனைக்காக வாங்கியவர் சட்டப்படி நுகர்வோர் அல்ல. சேகரிப்புக்கும் கண்காட்சிக்கும் வாங்கினேன் என்பது உண்மையானால் அதையே எழுதுங்கள். நல்ல விலை வந்தால் விற்கலாம் என்று விற்றவருக்கு வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தால், வழக்கு போடும் முன் என்னிடமோ உங்கள் வக்கீலிடமோ சொல்லிவிடுங்கள்.

போலீஸ் புகார் பற்றி அவசரப்பட வேண்டாம். மோசடிக்கு ஆரம்பத்திலேயே கெட்ட எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். விற்றவரே வேறு யாரிடமோ ஏமாந்திருக்கலாம். இதே ஆள் பலருக்கு இதுபோல் விற்றது தெரிந்தால் அப்போது யோசிக்கலாம். பணம் வரும்வரை உறையைத் திருப்பி அனுப்பாதீர்கள். வெறுத்துப்போய் 'கையெழுத்திட்ட உறை' என்று வேறொருவருக்கு விற்றும் விடாதீர்கள். விஷயம் தெரிந்தே விற்றால், அந்தக் குற்றம் உங்கள் மேல் வரும்.