தவணையில் வரும் நாய்க்குட்டி

கேள்வி: 8 வயது மகள் ஒரு வருடமாக நாய் கேட்கிறாள். காப்பகத்திலிருந்து ஒன்றைத் தத்தெடுக்கலாம் என்பது என் எண்ணம். மனைவியின் தம்பியோ, “வளர்த்தால் ஜாதி நாயாக வளருங்கள்” என்று தெரிந்தவரிடம் ஒரு கோல்டன் ரெட்ரீவர் குட்டியைப் பேசி வைத்துவிட்டார். 35 நாள் குட்டி. இந்த வாரம் எடுக்காவிட்டால் கைமாறிவிடுமாம். விலை என் மாதச் சம்பளத்தில் 60 சதவீதம். 12 சதவீத ஃபிளாட் வட்டியில் 12 மாதத் தவணை. ஏற்கெனவே போன், டிவி, பைக் தவணைகளுக்குச் சம்பளத்தில் 32 சதவீதம் போகிறது. டிவியும் பைக்கும்கூட அவர் முடித்துக் கொடுத்ததுதான். போன் தவணை (9 சதவீதம்) 5 மாதத்தில் முடியும். மாதக் கடைசியில் 4 சதவீதம் மிஞ்சுகிறது. மகள் குட்டிக்குப் பெயரே வைத்துவிட்டாள். என்ன செய்வது?

பதில்: டிவி, பைக், இப்போது நாய். ஒவ்வொரு முறையும் மச்சினர் பேசி முடிக்கிறார், நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள். “மாதம் எவ்வளவு கட்ட வேண்டும்?” என்பதற்கு மேல் எதையும் கேட்பதில்லை. உங்களைக் கடிப்பது அந்தப் பழக்கம்தான்.

சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். குட்டி 60, வட்டி 7 சொச்சம், தவணை 5.6. ஃபிளாட் வட்டி என்றால், பாதிக் கடனை அடைத்த பிறகும் முழு அசலுக்கே வட்டி. குறைந்துவரும் நிலுவைக்குக் கணக்குப் போட்டால் 12 என்பது 22 சதவீதத்தை ஒட்டி வரும். மச்சினர் அடுத்ததாக “வட்டியே இல்லாத தவணை” என்று வந்தால், ரொக்க விலை என்ன, செயலாக்கக் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். வட்டி அந்த இரண்டில் எங்கேயாவது உட்கார்ந்திருக்கும்.

சரி, விலையை விடுங்கள். சாப்பாடு, உண்ணி மருந்து, தடுப்பூசி, டாக்டர் என்று மாதம் 6 போடுகிறேன், குறைவாகத்தான். ரெட்ரீவர் 10 முதல் 12 வருடம் வாழும். 11 வருடத்துக்கு 792, அதாவது எட்டு மாதச் சம்பளம். உங்களிடம் மிஞ்சுவது 4. குட்டியைச் சும்மா கொடுத்தாலும் மாதம் 2 துண்டு விழும். தவணையும் சேர்ந்தால் 7.6.

அந்த 35 நாள் விஷயமும் எனக்கு உறுத்துகிறது. குட்டி 8 வாரமாவது தாயோடு இருக்க வேண்டும். முதல் தடுப்பூசியே 6 முதல் 8 வாரத்தில்தான்; அப்புறம் 16 வாரம் வரை சில வார இடைவெளியில் அடுத்தடுத்த ஊசிகள். 35 நாளில் தள்ளிவிடுகிறவர் தன் தீவனச் செலவையும் ஊசிச் செலவையும் உங்கள் தலையில் கட்டுகிறார். நடுவில் பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால் ஆஸ்பத்திரிச் செலவு குட்டியின் விலையைத் தாண்டவும் கூடும். இந்த ஜாதிக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வருவதும் உண்டு. தாய் தந்தைக்கு எக்ஸ்ரே எடுத்தார்களா என்று விசாரித்தீர்களா?

உங்கள் முதல் எண்ணமே சரி, தத்தெடுங்கள். வளர்ந்த நாயாகப் பாருங்கள்: எவ்வளவு பெரிதாகும், எவ்வளவு சாப்பிடும், குழந்தைகளிடம் எப்படிப் பழகும் என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். பல காப்பகங்கள் ஊசியும் கருத்தடையும் முடித்தே தருகின்றன. அதற்காக இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் வாரமே டாக்டரிடம் காட்டி, ரத்தப் பரிசோதனை எடுக்க ஒரு தொகை வைத்துக்கொள்ளுங்கள்.

செல்லப்பிராணிக் காப்பீடு பற்றி யாராவது வந்து பேசுவார்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கும் வழக்கமான தடுப்பூசிக்கும் பெரும்பாலும் பணம் வராது. அந்த பிரீமியத்தைத் தனிக் கணக்கில் போடுங்கள், போதும்.

ஆனால் இப்போதே வேண்டாம். போன் கடன் முடிந்ததும் கையில் 13 நிற்கும். அதில் மாதம் 10 வீதம் மூன்று மாதம் எடுத்து வையுங்கள். 30 சேர்ந்தால் அது டாக்டர் பணம். மூன்று மாதமும் கடன் வாங்காமல் ஓட்டிவிட்டால் நாயைக் கூட்டி வரலாம். அதுவரை மகளை வாரம் ஒருமுறை காப்பகத்துக்கு அழைத்துப் போங்கள், அனுமதித்தால் நாய்களை நடத்திக் கூட்டிப்போகட்டும். இரண்டாவது மாதமும் அவளே கிளம்பி நிற்கிறாளா என்று பாருங்கள்.

மச்சினரிடம் இன்றே போன் செய்து, குட்டியை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லுங்கள். முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால் போகட்டும். அதைக் காப்பாற்ற 60 கடன் வாங்காதீர்கள்.