ஓமான் நாட்டுப் பணத்தில் 'பைசா' எப்படி வந்தது? அங்கே அதை அன்றாடம் எப்படிப் புழங்குகிறார்கள்?

மஸ்கட்டில் ரூவி பகுதியில் ஏழு வருடம் இருந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

விமானம் ஏறுவதற்கு முன்பே அந்தப் பைசா எங்கள் வீட்டில் ஒரு கலாட்டா செய்துவிட்டது. 2008 தொடக்கத்தில் வந்த வேலைக் கடிதத்தில் மாதச் சம்பளம் 120.000 என்று போட்டிருந்தது. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்துவிட்டு, "ஒரு லட்சத்து இருபதாயிரமாடா?" என்றார். சம்பளம் வெறும் 120 ரியால்தான். அன்றைய மதிப்பில் பன்னிரண்டாயிரம் ரூபாய் சொச்சம். ஒரு ரியாலுக்கு 1000 பைசா என்பதால் புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம் வரும். அம்மா அதற்குள் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டாள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். அது நம் பைசாவேதான். அரபியில் 'பல்லி'யின் ப இல்லை, 'பஸ்'ஸின் ப தான் உண்டு. அதனால் உச்சரிப்பு மட்டும் கொஞ்சம் மாறும். மஸ்கட்டின் வியாபாரம் பல காலமாக பம்பாயோடும் குஜராத்தோடும் பின்னிக் கிடந்தது. 1890களில் சுல்தான் பைசல் பின் துர்க்கி வெளியிட்ட செப்புக் காசுகூடக் காலணாதான். உள்நாட்டு மலைப்பகுதிகளில் மட்டும் மரியா தெரசா தாலர் என்ற ஆஸ்திரிய வெள்ளிக்காசு ஓடியது. எந்த வருடம் அச்சடித்தாலும் அதில் 1780 என்றே போட்டிருக்கும். அதை உருக்கித்தான் அங்கே நகையும் செய்தார்கள்.

இந்திய ரூபாய் ஓமானில் மட்டுமல்ல, குவைத், பஹ்ரைன், கத்தார், துபாய் எங்கும் செல்லுபடியானது. சிக்கல் தங்கத்தால் வந்தது. வளைகுடாவிலிருந்து தங்கம் இந்தியாவுக்குக் கடத்தப்பட்டது. அதற்கு விலையாக ரூபாய் நோட்டுகள் கட்டுக்கட்டாக வெளியே போயின. அந்த நோட்டுகள் அங்குள்ள வங்கிகள் வழியாகத் திரும்பி வந்தபோது நாம் பிரிட்டிஷ் பவுண்டாகக் கொடுக்க வேண்டியிருந்தது. கடத்தல்காரனுக்கு நம் ரிசர்வ் வங்கியே அந்நியச் செலாவணி தந்த மாதிரி ஆயிற்று! 1959இல் இதற்கு ஒரு வழி கண்டார்கள். வளைகுடாவில் மட்டும் செல்லும், இந்தியாவுக்குள் செல்லாத தனி ரூபாய் நோட்டுகள் அச்சாயின. வடிவம் நம் நோட்டு மாதிரியே, நிறம் வேறு.

அதுவும் ரொம்ப நாள் நிலைக்கவில்லை. குவைத் 1961இலும் பஹ்ரைன் 1965இலும் சொந்த தினாருக்கு மாறிவிட்டன. 1966 ஜூனில் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. ஒரு டாலர் 4.76இலிருந்து 7.50 ஆனது. எங்கோ டில்லியில் எடுத்த முடிவால் துபாய் வியாபாரியின் பெட்டியிலிருந்த பணம் ஒரே இரவில் இளைத்துப் போனால் அவர் சும்மா இருப்பாரா? கத்தாரும் துபாயும் உடனே ரூபாயைக் கைவிட்டன. ஓமான் மட்டும் 1970 வரை அதை வைத்திருந்தது. அந்த வருடம் வந்த சொந்தப் பணத்துக்கு ரியால் என்று பெயர் வைத்தாலும் சில்லறைக்குப் பழைய பைசாவே ஒட்டிக்கொண்டது.

இன்றைய புழக்கத்தில் 100 பைசாவுக்கு ஒரு நோட்டே இருக்கிறது. நம் ஊர் ஆள் முதலில் பார்த்தால் சிரிப்பார். ஆனால் நான் இருந்த காலத்தில் கடையில் ஒரு டீ அந்த 100 பைசாதான். சமோசாவும் சேர்த்தால் 200. அரை ரியாலுக்கும் நோட்டு உண்டு. காசுகளில் 25, 50 பைசா நன்றாக ஓடின. 5 பைசாவை யாரும் சீந்தவில்லை. விலைச்சீட்டில் 0.250 என்று இருக்கும், கடைக்காரர் "இருநூற்றைம்பது" என்பார். ஊரில் பைசா செத்துப்போன பிறகு அங்கே போய்ப் பைசா பைசாவாக எண்ணினோம்!

1986 முதல் ஒரு டாலருக்கு 0.3845 ரியால் என்று கட்டி வைத்திருக்கிறார்கள். அதனால் ரியால் ஆடுவதில்லை, ரூபாய்தான் ஆடும். 2013 ஆகஸ்டில் ரூபாய் சரிந்து ஒரு ரியால் 170 ரூபாயைத் தாண்டியபோது பணம் அனுப்பும் கடைகளில் வரிசை தெருவரைக்கும் நின்றது. நண்பர்களிடம் கைமாற்று வாங்கியெல்லாம் அனுப்பினோம், நானும்தான். ஊரில் பெட்ரோல் விலை ஏறியது பற்றி அன்றைக்கு யாருக்கும் கவலை இல்லை.

அப்புறம் ஒன்று. உங்கள் தாத்தா யாராவது அறுபதுகளில் வளைகுடாவில் இருந்தவர் என்றால் பழைய டிரங்குப் பெட்டியை ஒரு தடவை கிளறிப் பாருங்கள். சிவப்பு நிறத்தில் ஒரு பத்து ரூபாய் நோட்டு கிடைத்து, அதன் எண்ணுக்கு முன்னால் 'இசட்' எழுத்தும் இருந்தால் அது அந்த வளைகுடா ரூபாய்தான். பழைய நோட்டு சேகரிப்பவர்கள் நல்ல விலை கொடுப்பார்கள். கிழிந்திருக்கிறதே என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.