மைனஸ் 25 குளிரில் பூந்தோட்டம்: டாலியா ஏன் அழுகியது, ரோஜா ஏன் நிறம் மாறியது?

கேள்வி: குளிர்காலத்தில் மைனஸ் 25 டிகிரி வரை இறங்கும் ஊரில் இருக்கிறோம். வீட்டில் நான், கணவர், மாமியார், 11 வயது மகள், 6 வயது மகன். போன வருடம்தான் முதன்முதலாகப் பாத்தி எடுத்துப் பூச்செடி வைத்தேன். குளிருக்கு முன்பு 20 டாலியாக் கிழங்குகளைத் தோண்டிக் கழுவி, பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டிக் கார் ஷெட்டில் வைத்தேன். வசந்தத்தில் திறந்தால் பாதி கூழாகிவிட்டது, மீதியில் பூஞ்சை. 40 டியூலிப் நட்டதில் அணில் தோண்டியது போக 12 தான் பூத்தது. மூன்று மஞ்சள் ரோஜாக்களில் இரண்டு செத்துவிட்டன. பிழைத்த ஒன்று சிறிய கருஞ்சிவப்புப் பூவாகப் பூக்கிறது. ஹைட்ரேஞ்சியா பூக்காமல் வெறும் இலையோடு நிற்கிறது. வாசலோரப் பாத்தியில் எதை வைத்தாலும் இலை ஓரம் கருகுகிறது. தொட்டி மல்லிகையை உள்ளே கொண்டுவந்தால் இலை கொட்டுகிறது. “வருடா வருடம் சாகிறதற்கு எதற்குச் செலவு, புல்லாகவே விட்டுவிடலாம்” என்கிறார் கணவர். மாமியாருக்கு உதவ ஆசை, ஆனால் முழங்கால் வலி, குனிய முடியாது. வேலைக்கும் போய்க்கொண்டு நான் ஒருத்தியே பார்ப்பது முடியவில்லை. இப்போது இலையுதிர்காலம் தொடங்கிவிட்டது. இந்த வருடம் விட்டுவிடட்டுமா?

பதில்: விட வேண்டாம். ஆனால் 20 டாலியா வேண்டாம்.

நீங்கள் எழுதிய இழப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். குளிர் நேராகக் கொன்றது ரோஜாவையும், டாலியாவில் ஒரு பாதியையும்தான். ஹைட்ரேஞ்சியாவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். மற்றதெல்லாம் பிளாஸ்டிக் பை, அணில், உப்பு, வீட்டுக்குள் ஓடும் ஹீட்டர் ஆகியவை செய்த வேலை. ஆகவே உங்கள் கணவர் சொல்வதில் கால்வாசி நியாயம் இருக்கிறது, அதற்கு மேல் இல்லை.

குளிர் ஊரில் பூச்செடிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு கூட்டத்துக்குக் குளிர் வேண்டும். டியூலிப் மத்திய ஆசிய மலைப் பகுதிகளிலிருந்து வந்தது. மண்ணுக்குள் 12 முதல் 16 வாரம் குளிரில் கிடந்தால்தான் அதன் பூத்தண்டு சரியாக நீளும். டாஃபொடில், பியோனி எல்லாம் இந்தக் கூட்டம். இன்னொரு கூட்டத்துக்குக் குளிர் ஆகாது. டாலியா மெக்சிகோ மலைநாட்டுச் செடி, கிழங்கு உறைந்தால் அத்தோடு சரி. கிளாடியோலஸும் மல்லிகையும் இதே வகை. முதல் கூட்டத்தை ஒருமுறை நட்டால் வருடத்துக்குச் சில மணி நேர வேலை. இரண்டாவது கூட்டத்தை வருடா வருடம் தோண்டி, துடைத்து, பெட்டியில் வைத்து, மாதாமாதம் எட்டிப் பார்த்து, மறுபடி நட வேண்டும். உங்கள் தோட்டத்தில் நேரமெல்லாம் இரண்டாவது கூட்டத்துக்கே போகிறது. வேலைக்குப் போகிற ஒருவருக்கு ஐந்து டாலியா போதும். நன்றாக வளர்ந்தால் ஒரு கிழங்கே அடுத்த வருடம் ஒரு கொத்தாகிவிடும், விதைக் கிழங்குக்குப் பஞ்சம் வராது.

அந்த ஐந்தை எப்படிக் காப்பது என்று பார்ப்போம். முதல் உறைபனி விழுந்து இலை கறுத்ததும் தண்டை ஒரு சாண் விட்டு வெட்டுங்கள். தோட்ட முள்கரண்டியால் ஓர் அடி தள்ளிக் குத்தி, கொத்தை முழுசாகத் தூக்க வேண்டும். டாலியாத் தண்டு உள்ளே குழல். அதில் நீர் தேங்கினால் அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும். அதனால் ஒரு நாள் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். இது உருளைக்கிழங்கு மாதிரி அல்ல, கிழங்கின் உடம்பில் கண் இருக்காது. தண்டும் கிழங்கும் சேரும் கழுத்தில்தான் இருக்கும். கழுத்து முறிந்த கிழங்கு எவ்வளவு பருத்திருந்தாலும் முளைக்காது, தூக்கிப் போட்டுவிடலாம். பிறகு காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில் மரத்தூளோ நார்க்கழிவோ போட்டு, கிழங்குகள் ஒன்றையொன்று தொடாமல் அடுக்குங்கள். கைப்பிடியாக எடுத்து அழுத்தினால் சொட்டு நீர் வரக்கூடாது, அந்த அளவு ஈரம்தான். வெப்பம் 4 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உங்கள் ஷெட்டில் சுவரோரம் கிடந்தவை உறைந்து கூழாகின. மற்றவை பைக்குள் வியர்த்துப் பூஞ்சை பிடித்தன. ஒரே பைக்குள் இரண்டு வியாதி. நானும் ஒரு வருடம் இதற்கு நேரெதிரான தப்பைச் செய்தேன். கொதிகலன் அறையில் வெதுவெதுப்பாக இருக்கட்டும் என்று வைத்து, வசந்தத்தில் வற்றல் மாதிரி சுருங்கியதை அள்ளினேன்.

மாமியாருக்கான வேலை இங்கேதான் இருக்கிறது. மாதம் ஒருமுறை அந்தப் பெட்டியை மேசைமேல் வைத்து அவர் பார்க்கட்டும். அழுகினால் அந்தப் பகுதியை அறுத்து எறிவதும், சுருங்கினால் லேசாக நீர் தெளிப்பதும் உட்கார்ந்தபடியே செய்யக்கூடியவை. பல வருடம் சமையலறையில் காய் கிழங்கு புரட்டிய விரல்களுக்கு அழுகல் எது, ஈரம் எது என்பது தொட்டதுமே தெரியும். உங்களைவிட நன்றாகச் செய்வார்.

டியூலிப்புக்கு வருவோம். இரவுகள் குளிர்ந்து மண் 10 டிகிரிக்குக் கீழே இறங்கியபின் நடுங்கள். அவசரப்பட்டு முன்பே நட்டால் நோய் பிடிக்கும். ஆழம் 15 முதல் 20 செ.மீ. மேலே மண் தள்ளியதும் கோழிக்கூண்டுக் கம்பி வலையை விரித்து, ஓரங்களை மண்ணில் புதைத்து, அதன்மேல் இன்னும் கொஞ்சம் மண் போடுங்கள். முளை வலைக்கண் வழியாக ஏறிவிடும், அணிலால் தோண்ட முடியாது. நட்ட இடத்தில் கிழங்கின் காய்ந்த தோல் சிதறிக் கிடந்தால் அதுவே அணிலுக்கு விருந்து அழைப்பு, பொறுக்கிவிடுங்கள். எனக்கு இந்த வலை வேலையே அலுப்பு, அதனால் பாதிக்கு மேல் டாஃபொடில்தான் வைப்பேன். அதன் கிழங்கில் லைகோரின் என்ற நச்சு இருக்கிறது, அணிலும் மானும் தொடாது. ஆனால் அதே காரணத்தால் மகனுக்கு ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்லிவைக்க வேண்டும்: பார்ப்பதற்கு வெங்காயம்போல் இருக்கும், வாயில் வைக்கக்கூடாது. சமையலறை மேடையில் இந்தக் கிழங்குகளை ஒரு நிமிடம்கூட வைக்காதீர்கள். ஃபாக்ஸ்குளோவ், மாங்க்ஸ்ஹுட் இரண்டும் அழகான குளிர்நாட்டுச் செடிகள், ஆனால் முழுச்செடியும் விஷம். பையன் பெரியவனாகும்வரை அவை உங்கள் வீட்டுக்கு வேண்டாம். பூனை வளர்க்கும் வீடென்றால் லில்லியும் கூடாது, பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

பூ முடிந்தபின் டியூலிப் இலையைப் பார்க்கச் சகிக்காது, வெட்டத்தான் கை போகும். வெட்டாதீர்கள். மஞ்சளாகிச் சாயும்வரை அந்த இலைதான் அடுத்த வருடப் பூவுக்குக் கிழங்கில் சேமிக்கிறது.

ரோஜா நிறம் மாறவில்லை. நீங்கள் வாங்கியது ஒட்டுச்செடி. மேலே ஒட்டிய மஞ்சள் ரோஜா குளிரில் செத்துவிட்டது. அடியில் இருந்த வேர்ச்செடி துளிர்த்துத் தன் பூவைப் பூக்கிறது. சிறிய கருஞ்சிவப்பு, முன்கோடையில் ஒருமுறை மட்டும் பூக்கிறதென்றால் அநேகமாக ‘டாக்டர் ஹூயி’. அந்த ரகத்தை வேர்ச்செடியாக நிறையப் பயன்படுத்துகிறார்கள். பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், மஞ்சள் இனி திரும்பாது. புதிதாக ஒட்டுச்செடி வைத்தால் ஒட்டுப் பகுதி மண்ணுக்குள் 5 முதல் 10 செ.மீ. இருக்கும்படி நட வேண்டும். முதல் உறைபனிக்கு ஆறு வாரம் முன்பே தழைச்சத்து உரத்தை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் இளந்துளிர் விட்டுக் கருகும். குளிர் இறுகும்போது அடித்தண்டைச் சுற்றி ஓர் அடி உயரத்துக்கு மண் அணையுங்கள், செடியைச் சுற்றித் தோண்டாமல் வேறிடத்து மண்ணைக் கொண்டுவந்து. இத்தனை பாட்டுக்கு நேரமில்லை என்றால் சொந்த வேரில் நிற்கும் ரோஜாவாக வாங்குவதே புத்தி. தண்டு செத்தாலும் வேரிலிருந்து அதே பூ வரும். கனடா அரசின் வேளாண் ஆராய்ச்சியாளர்கள் கடுங்குளிருக்கென்றே உருவாக்கிய எக்ஸ்ப்ளோரர் வரிசையில் ‘வில்லியம் பாஃபின்’, ‘ஜான் கபோட்’ போன்றவை உங்கள் குளிரைப் பொருட்படுத்தாது.

ஹைட்ரேஞ்சியா வாங்கும்போது எந்த இனம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். உருண்டைப் பூ, பளபள இலை என்றால் மேக்ரோஃபில்லா. அது பெரும்பாலும் போன வருடத் தண்டிலேயே மொட்டைத் தயார்செய்து வைத்துக்கொள்ளும். மைனஸ் 25-இல் மொட்டு போய்விடும், நீங்கள் கவாத்து செய்திருந்தால் அதிலும் போகும். பேனிகுலாட்டா இனம் புதுத் தண்டில் பூக்கும், உங்களுக்கு அதுதான்.

இனி செடி வாங்கும்போது சீட்டில் இருக்கும் மண்டல எண்ணைப் பாருங்கள். செடி எவ்வளவு குளிர் தாங்கும் என்பதை அது சொல்லும், எண் குறையக் குறையக் குளிரை அதிகம் தாங்கும். அமெரிக்க வேளாண்மைத் துறை 1960-இல் முதலில் வெளியிட்ட குளிர்மண்டல முறை இன்று மற்ற நாட்டு நாற்றங்கால்களிலும் புழங்குகிறது. மைனஸ் 25 என்றால் நீங்கள் மண்டலம் 5. சீட்டில் 5 அல்லது அதற்குக் குறைந்த எண் இருந்தால் தரையில் வைக்கலாம். குளிர்காலத்திலும் வெளியே தொட்டியில் இருக்கப்போகிற செடிக்கு 3 வேண்டும், ஏனென்றால் தொட்டியில் வேரைக் குளிர் நாலாபக்கமும் தாக்குகிறது.

மூடாக்கு, அதாவது மண்மேல் காய்ந்த இலை பரப்புவதில் பலரும் தடுக்கி விழுகிறார்கள். செடிக்குக் குளிருமே என்று இப்போதே போட்டால் எலி குடியேறும். மூடாக்கு மண்ணைச் சூடாக வைக்க அல்ல, உறைந்ததை உறைந்தபடியே வைக்க. பகலில் இளகி இரவில் உறைந்தால் மண் உப்பி இறங்கும். புதிதாக நட்ட செடியை வேரோடு மேலே தள்ளிவிடும். அதனால் மண் இறுகியபின் காய்ந்த இலையை ஒரு சாண் போடுங்கள். பனி விழுந்து அப்படியே கிடந்தால் அதைவிட நல்ல போர்வை இல்லை. ஓர் அடிப் பனிக்கு அடியில், வெளியே மைனஸ் 20 இருக்கும்போதும் மண் பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்கும்.

அப்புறம், வாசலோரப் பாத்தி. பனி வழித்து உப்புத் தூவுவது யார் என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் கணவராக இருந்தால் அந்தப் பாத்தியில் கருகியதற்கு அவரும் கூட்டாளி! வழித்த பனியோடு உப்பும் பாத்தியில் குவிந்து, இளகும்போது வேருக்கு இறங்குகிறது. பனியை மறுபக்கம் தள்ளச் சொல்லுங்கள். வழுக்காமல் இருக்க மணல் போதும். வழுக்கினால் மாமியாருக்கு ஆபத்து என்கிற படியில் மட்டும் உப்பு. மண் இளகியதும் ஓரிரு முறை நிறைய நீர் விட்டு அந்தப் பாத்தியை அலசிவிடுங்கள். கம்பி வலை வெட்டுவதையும் அவரிடமே கொடுங்கள். கையில் வேலை இருக்கும்போது புல் போடும் யோசனை வராது.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது நடுக்குளிரில் விதைப்பது. வெளிச்சம் ஊடுருவும் பால் கேனை இடுப்பில் முக்கால் சுற்று அறுத்து, அடியில் துளையிட்டு, ஒரு கைப்பிடி உயரத்துக்கு ஈரமான நாற்று மண் நிரப்பி விதையுங்கள். கசகசாப்பூ, எக்கினேசியா, ஸ்நாப்டிராகன் எல்லாம் வரும். அறுத்த இடத்தை ஒட்டி மூடி, கேனின் வாய்மூடியை மட்டும் கழற்றிவிட்டுப் பனியிலேயே வைத்துவிடுங்கள். எக்கினேசியா போன்றவற்றின் விதை குளிரும் ஈரமும் பட்டபிறகுதான் நன்றாக முளைக்கும். பகல் வெப்பம் சரியானதும் தானாக முளைக்கும், குளிருக்குப் பழகிய நாற்று என்பதால் நட்டதும் வாடாது. விதையின் பெயரையும் தேதியையும் மகள் ஒரு சீட்டில் எழுதட்டும். சாதாரண பேனா மை வெயிலில் வெளிறிவிடும், பென்சில் நிற்கும். குறைந்தபட்ச வெப்பம் காட்டும் வெப்பமானி ஒன்று வாங்கிக் கொடுத்தால் ஷெட்டில் எந்த மூலை உறைகிறது என்று அவளே கண்டுபிடித்துவிடுவாள். அதுதான் அடுத்த டாலியாப் பெட்டிக்கு உங்களுக்குத் தேவையான கணக்கு.

வீட்டுக்குள் பூ வேண்டுமென்றால் இரண்டு வழி. கடைகளில் அமரில்லிஸ் என்று விற்கும் ஹிப்பியாஸ்ட்ரம் கிழங்குக்குக் குளிர் தேவையில்லை. கழுத்து வெளியே தெரிய நட்டால் ஆறு முதல் எட்டு வாரத்தில் பூக்கும். யாருடைய பிறந்தநாளுக்காவது பின்னோக்கி எண்ணி நட்டுப் பாருங்கள். ஹயசிந்த் என்றால் பத்துப் பன்னிரண்டு வாரம் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும், ஆப்பிளோடு சேர்த்து மட்டும் வைக்காதீர்கள். பழம் விடும் எத்திலீன் வாயு கிழங்குக்கு உள்ளேயுள்ள பூமொட்டைக் கொன்றுவிடும். அந்தக் கிழங்கு கையில் அரிக்கும், கையுறை போடுங்கள்.

கடைசியாக மல்லிகை. இரவு 10 டிகிரிக்கு இறங்குமுன்பே உள்ளே வந்துவிட வேண்டும். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அதற்கு இன்னும் சில நாட்கள்தான். இலையின் அடிப்பக்கத்தை நீர் பீய்ச்சிக் கழுவிவிட்டு உள்ளே எடுங்கள், செஞ்சிலந்தி என்ற சிறு பூச்சி கூடவே வந்தால் ஹீட்டர் காற்றில் பெருகிவிடும். நல்ல வெளிச்சமுள்ள, ஆனால் ஹீட்டருக்குத் தள்ளிய ஜன்னலோரம் வையுங்கள். மேல்மண் காய்ந்தபின் மட்டும் நீர், உரம் வேண்டாம். அப்படியும் கொஞ்சம் இலை கொட்டும், வெளிச்சம் குறைந்ததற்கு அது செடியின் கணக்கு. இலை கொட்டுகிறதே என்று நீரைக் கூட்டினால்தான் வேர் அழுகும். குளிர் விடும் சமயத்தில் கிளைகளைப் பாதிக்குக் கவாத்து செய்து, இரவு மறுபடி 10 டிகிரிக்கு மேல் நிலைத்தபின் வெளியே வையுங்கள். புதுத்துளிரில் மொட்டு வரும்.