சோர்ந்திருப்பவரைக் கூட்டத்துக்கு அழைப்பது எப்படி?

கேள்வி: லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கி, கடும் சோர்வும் தரும் நோய்) உள்ளவர்களுக்கான கைப்பேசிச் செயலியை அவர்களோடு சேர்ந்தே வடிவமைக்கிறோம். 2 மணி நேரக் கூட்டத்துக்குச் சரி என்றவர்கள் கடைசி நேரத்தில் வருவதில்லை. என்ன செய்யலாம், அக்கா?
– வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: தம்பி, எனக்கும் லூபஸ்தான். பாதித் தலை வாரியதும் கை ஓய்ந்து, சீப்போடு கட்டிலில் உட்கார்ந்துவிடும் நாள்கள் உண்டு. அன்று பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரி ஏறி உங்களிடம் எப்படி வருவேன்? கூட்டத்தை விடுங்கள். 20 நிமிடம் போனில் பேசுங்கள், படுத்தபடியே பேசட்டும். வாட்ஸ்அப் குரல் பதிவும் போதும். தள்ளிப்போட்டால் காரணம் கேட்காதீர்கள். சிலருக்குப் பேசிய சோர்வு மறுநாள்தான் வந்து அமுக்கும். அதனால் பேசி 2 நாள் கழித்து நலம் விசாரியுங்கள். அப்புறம், தினமும் 10 கேள்வி கேட்கும் செயலி வேண்டவே வேண்டாம். ‘இன்று முடியவில்லை’ என்று ஒரு பொத்தான் வையுங்கள். அவர்கள் நேரத்துக்குப் பணமும் கொடுங்கள்.