மகன் பள்ளி ஃபுட்பால் கோச் ஆக வேண்டும் என்கிறான்: சம்பளக் கணக்கு எப்படி?

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

டல்லாஸ் புறநகரில் பதினோராம் வகுப்பு படிக்கும் உங்கள் மகன், கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம், பள்ளியில் ஃபுட்பால் (கால்பந்து அல்ல, பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்க ஆட்டம்) கோச் ஆகப் போகிறேன் என்று உறுதியாகச் சொல்கிறான் என எழுதியிருந்தீர்கள். கோச்சுக்கு ஒன்றேகால் லட்சம் டாலர் கிடைக்கும் என்கிறார் ஒருவர், வருஷத்துக்கு ஐயாயிரம் டாலர்தான் என்கிறார் இன்னொருவர், யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. முதலாமவர் ஒரு பெரிய பள்ளியின் தலைமைக் கோச் வாங்கும் மொத்தச் சம்பளத்தைச் சொல்கிறார். இரண்டாமவர் ஒரு துணைக் கோச்சுக்கு ஆசிரியர் சம்பளத்துக்கு மேல் கிடைக்கும் படியை மட்டும் சொல்கிறார்.

அமெரிக்க அரசுப் பள்ளிகளில் ஃபுட்பால் கோச் என்பவர் பெரும்பாலும் ஓர் ஆசிரியர். காலையில் வரலாறோ கணக்கோ உடற்கல்வியோ நடத்துவார், பள்ளி முடிந்ததும் மைதானத்துக்குப் போவார். டெக்சஸில் இது விதியாகவே இருக்கிறது. பள்ளிகளுக்கு இடையிலான போட்டிகளை நடத்தும் யு.ஐ.எல். அமைப்பு, கோச்சாக இருப்பவர் அந்தப் பள்ளி மாவட்டத்தின் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு) முழுநேர ஊழியராக இருக்க வேண்டும் என்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் போன்றோருக்குச் சில விலக்குகள் உண்டு, அவ்வளவுதான். அதனால் தம்பி முதலில் தேட வேண்டியது ஆசிரியர் வேலை.

அந்த ஆசிரியர் சம்பளம் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். 2019இல் மாநிலம் திருத்திய குறைந்தபட்ச அட்டவணையில் புதிய ஆசிரியருக்கான தொகை ஆண்டுக்கு 33,660 டாலர். உங்கள் ஊர்ப் பக்கம் உள்ள பெரிய மாவட்டங்கள் இதைவிட மிக அதிகமாகக் கொடுக்கின்றன. இப்போது அங்கே தொடக்கச் சம்பளம் 60,000 டாலரை ஒட்டி இருக்கிறது. மேற்கு டெக்சஸில், நூறு பிள்ளைகள்கூட இல்லாமல் அணிக்கு ஆறு பேர் வைத்து ஆடும் சிறு பள்ளிகளில் அந்த அளவை எதிர்பார்க்க முடியாது. ஆனால் அங்கே வீட்டு வாடகையும் குறைவு.

இந்த அடிச்சம்பளத்தின் மேல் இரண்டு விஷயங்கள் சேரும். ஒன்று, கூடுதல் நாட்கள். டெக்சஸ் ஆசிரியருக்கு வழக்கமான ஒப்பந்தம் வருஷத்துக்கு 187 நாள். ஃபுட்பால் பயிற்சி ஆகஸ்ட் தொடக்கத்திலேயே, பள்ளி திறக்கும் முன்பே, ஆரம்பித்துவிடும். அந்த நாட்களுக்குப் பல மாவட்டங்கள் தினச் சம்பளக் கணக்கில் கொடுக்கும். 60,000ஐ 187ஆல் வகுத்தால் நாளுக்குச் சுமார் 320 டாலர் வருகிறது. பத்து நாள் சேர்ந்தால் 3,200. தலைமைக் கோச்களுக்கு ஒப்பந்தமே 220 நாளைத் தாண்டிப் போவது சாதாரணம். மற்றொன்று, ஸ்டைபெண்ட் என்று சொல்லும் படி. எந்த விளையாட்டு, துணைக் கோச்சா, தாக்குதல் அல்லது தடுப்பு ஆட்டத்துக்குப் பொறுப்பான ஒருங்கிணைப்பாளரா, தலைமைக் கோச்சா என்பதைப் பொறுத்து இது அமையும். நடுநிலைப் பள்ளியில் குறைவு, உயர்நிலைப் பள்ளியில் அதிகம். பெரும்பாலான இடங்களில் ஃபுட்பாலுக்குத்தான் மற்ற விளையாட்டுகளைவிடப் பெரிய தொகை.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். அடிச்சம்பளம் 60,000, கூடுதல் நாட்களுக்கு 3,200, படி 7,000. மொத்தம் 70,200 டாலர். தனியாக வாழும் ஓர் இளைஞனுக்கு இது மோசமான வருமானம் இல்லை. டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த 7,000க்கு என்ன வேலை செய்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு ஆட்டம், சனிக்கிழமை காலை ஆட்டத்தின் வீடியோவைப் போட்டுப் பார்ப்பது, ஞாயிற்றுக்கிழமை கோச்களின் கூட்டம், நடுவில் ஜூனியர் அணிகளின் ஆட்டங்கள். பாடம் நடத்தும் நேரம் போக வாரம் 30 மணி நேரம் என்று மிதமாக வைத்தாலும், நவம்பர் முதல் வாரம் வரை 14 வாரத்துக்கு 420 மணி. மணிக்கு 17 டாலருக்கும் குறைவு. அணி ப்ளேஆஃப் எனும் நாக்அவுட் சுற்றுக்குப் போனால் டிசம்பர் வரை நீளும். வசந்தகாலத்தில் அதே கோச் தடகளத்துக்கும் நிற்பார். அணிப் பேருந்தை ஓட்டுவதற்காக வணிக ஓட்டுநர் உரிமம் எடுக்கச் சொல்லும் மாவட்டங்களும் நிறைய. ஆசிரியர்களுக்குக் கூட்டாட்சி தொழிலாளர் சட்டத்தின் ஓவர்டைம் பொருந்தாது, ஆசிரியராக இருக்கும் கோச்சுக்கும் அப்படியே. வேறு வேலையில் இருந்துகொண்டு கோச் செய்பவர்களுக்கும் எப்போதும் கிடைத்துவிடுவதில்லை. வர்ஜீனியாவில் பள்ளிப் பாதுகாப்பு உதவியாளராக இருந்துகொண்டு கோல்ஃப் அணிக்கும் கோச்சாக இருந்த ஒருவர் ஓவர்டைம் கேட்டு வழக்குப் போட்டார். ஆண்டுக்குச் சுமார் 2,100 டாலர் படி வாங்கிய அவரைக் கோச் வேலையைப் பொறுத்தவரை தன்னார்வலர் என்றே 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு செய்தது. எனவே படியை நம்பி யாரும் இந்த வேலைக்கு வரக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆசிரியர் சம்பளத்தை வைத்துக் குடும்பக் கணக்குப் போடுங்கள், படி வந்தால் அது சேமிப்பு.

அப்படியானால் அந்த ஒன்றேகால் லட்சம் யாருக்கு? மாணவர் எண்ணிக்கையை வைத்து 6ஏ, 5ஏ என்று வகைப்படுத்தப்பட்ட டெக்சஸின் பெரிய பள்ளிகளில் தலைமைக் கோச் பல நேரம் முழுநாளும் வகுப்பெடுப்பதில்லை. பள்ளியின் மொத்த விளையாட்டுப் பொறுப்பும் அவரிடம் இருக்கும், சம்பளம் நிர்வாகிகளின் அட்டவணைப்படி வரும். அப்படித்தான் ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. ஆனால் ஒரு பள்ளிக்கு அப்படி ஒருவர்தான். அவர் கீழே பத்துக்கு மேற்பட்ட துணைக் கோச்கள் இருப்பார்கள். நடுநிலைப் பள்ளியில் தொடங்கி, உயர்நிலைக்கு வந்து, தாக்குதல் அல்லது தடுப்பு ஆட்ட ஒருங்கிணைப்பாளராகி, அதன் பிறகுதான் அந்த நாற்காலி. வழியில் இரண்டு மூன்று ஊர் மாற வேண்டியிருக்கும். கல்யாணமான பிறகு அது குடும்பத்தையே பெயர்த்துக்கொண்டு போகிற விஷயம்.

சீடர் ஹில் பள்ளியில் கோச்சாக இருந்த ஜோயி மெக்வயர் இன்று டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்தின் தலைமைக் கோச். கில்மர் பள்ளியிலிருந்த ஜெஃப் ட்ரெய்லர் சான் அன்டோனியோவில் டெக்சஸ் பல்கலைக்கழக அணியை நடத்துகிறார். தம்பி இந்தப் பெயர்களைச் சொல்லியிருப்பான். சொல்லட்டும், அந்த ஆசை நல்லது. வீட்டு வரவு செலவுத் திட்டத்தில் மட்டும் அதைச் சேர்க்க வேண்டாம்.

உங்கள் கணவர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள்: ஸ்டேடியத்துக்குக் கோடி கோடியாகக் கொட்டுகிறவர்கள் கோச்சுக்குக் கொடுக்க மாட்டார்களா? நியாயமான கேள்வி. ஆலன் நகரப் பள்ளி மாவட்டம் 2012இல் சுமார் 6 கோடி டாலரில் 18,000 பேர் உட்காரும் ஸ்டேடியத்தைத் திறந்தது. அது வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட கடன் பத்திரப் பணம். அதைக் கட்டடத்துக்கும் உபகரணத்துக்கும்தான் செலவிட முடியும், சம்பளத்துக்குத் தொட முடியாது. சம்பளம் சொத்து வரியின் வேறொரு பகுதியிலிருந்தும் மாநில நிதியிலிருந்தும் வருகிறது. அதனால் ஸ்டேடியத்தின் அளவைப் பார்த்துச் சம்பளத்தை ஊகிக்காதீர்கள். அணிக்கு நிதி திரட்டப் பெற்றோர் நடத்தும் பூஸ்டர் கிளப்பின் பணத்தையும் எண்ண வேண்டாம். கோச்சுகள் பெறும் வெகுமதிக்கு யு.ஐ.எல். கட்டுப்பாடு வைத்திருக்கிறது.

வேறு மாநிலத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஆசிரியர் சங்கம் வலுவாக உள்ள மாநிலங்களில் படித்தொகை சங்க ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும், அனுபவம் கூடக் கூடப் படிப்படியாக ஏறும், பேரம் பேச இடமில்லை. டெக்சஸில் அரசு ஊழியர்களின் கூட்டுப் பேரத்தைச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது, மாவட்ட வாரியமே முடிவு செய்கிறது. ஃப்ளோரிடாவில் ஃபுட்பால் மோகம் டெக்சஸுக்குக் குறைந்ததில்லை, ஆனால் படி சில ஆயிரம் டாலரோடு நின்றுவிடுவதால் நல்ல கோச்கள் பக்கத்து ஜார்ஜியாவுக்குப் போய்விடுகிறார்கள்.

ஓய்வூதியத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் இந்த வேலையின் பெரிய பலமே அதுதான். டெக்சஸ் ஆசிரியர் ஓய்வூதிய அமைப்புக்குச் சம்பளத்தில் 8.25 சதவீதம் பிடிப்பார்கள். ஓய்வு பெறும்போது, அதிகம் வாங்கிய ஐந்து ஆண்டுகளின் சராசரியில் ஒவ்வொரு பணி ஆண்டுக்கும் 2.3 சதவீதம். முப்பது வருஷம் வேலை செய்தால் 69 சதவீதம், ஆயுள் முழுவதும். தனியார் கம்பெனிகளில் இப்படி ஒன்று இப்போது அரிது. பெரும்பாலான டெக்சஸ் மாவட்டங்கள் கூட்டாட்சி அரசின் ஓய்வூதியத் திட்டமான சோஷியல் செக்யூரிட்டியில் சேர்வதில்லை என்பதால், தம்பி சிறு வயதிலிருந்தே தனியாகவும் கொஞ்சம் சேமிக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் ஓர் இடத்தை மட்டும் மறக்காமல் படிக்கச் சொல்லுங்கள். சில மாவட்டங்கள் ஆசிரியர், கோச் இரண்டையும் ஒரே ஒப்பந்தத்தில் சேர்த்துவிடும். அப்போது கோச் வேலையை மட்டும் விட்டுவிட்டு ஆசிரியராகத் தொடர முடியாமல் போகலாம். வேறு சில மாவட்டங்கள் கோச் பொறுப்பைத் தனியாக வைக்கும். அதை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வார்கள், ஆனால் ஆசிரியர் வேலை நிற்கும். அணி தோற்றால் தலைமைக் கோச் மாறுவார், புதியவர் தன் ஆட்களைக் கூட்டி வருவார். அந்தச் சமயத்தில் தம்பியைக் காப்பாற்றப் போவது அவன் நடத்தும் பாடம்.

அதனால்தான் உடற்கல்வியை மட்டும் படிக்க வேண்டாம் என்கிறேன். அந்தச் சான்றிதழோடு வரிசையில் நிற்பவர்கள் ஏராளம். கணக்கு ஆசிரியருக்கும் சிறப்புக் கல்வி ஆசிரியருக்கும் எப்போதும் தட்டுப்பாடு. கணக்கில் அவனுக்கு நல்ல மதிப்பெண் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கணக்கு நடத்தத் தெரிந்த ஒரு லைன் கோச்சை (முன்வரிசை ஆட்டக்காரர்களைப் பழக்குபவர்) எந்தப் பள்ளி முதல்வரும் எளிதில் விடமாட்டார். கோச் வேலை பிடிக்காமல் போனாலும் அந்தப் பட்டம் வேறு பக்கம் கதவு திறக்கும். இதை உங்கள் கணவரிடம் நிதானமாகச் சொல்லுங்கள்.

படிப்புக்குப் பெரிய கடன் வேண்டாம். மாநிலப் பல்கலைக்கழகம் போதும், கோச் வேலைக்குக் கல்லூரியின் பெயர் அவ்வளவு உதவாது. தட்டுப்பாடுள்ள பாடத்தை, வருமானம் குறைந்த பகுதிப் பள்ளியில் நான்கு வருஷம் நடத்த ஒப்புக்கொண்டால் டீச் கிராண்ட் என்ற கூட்டாட்சி உதவி ஆண்டுக்கு 4,000 டாலர் வரை உண்டு. வாக்கை நிறைவேற்றாவிட்டால் அது வட்டியோடு கடனாக மாறிவிடும், கவனம். கூட்டாட்சிக் கடன் வாங்கினால், அரசுப் பள்ளியில் வேலை செய்துகொண்டே தகுதியான திட்டத்தில் 120 மாதத் தவணை கட்டிய பிறகு மீதி தள்ளுபடியாகும் வழியும் இருக்கிறது.

இந்த வாரம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் பள்ளி மாவட்டத்தின் இணையதளத்தில் காம்பன்சேஷன் பிளான் என்ற ஆவணம் இருக்கும். எந்த விளையாட்டுக்கு எவ்வளவு படி, எத்தனை கூடுதல் நாள் என்று வரிவரியாக இருக்கும். தம்பியை எடுத்து வரச் சொல்லி, அப்பாவும் மகனும் சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போடட்டும். பிறகு அவன் பள்ளித் துணைக் கோச்களில் கல்யாணமாகிக் குழந்தை உள்ள ஒருவரிடம் அரை மணி நேரம் பேசச் சொல்லுங்கள். அக்டோபர் மாதத்தில் வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போகிறீர்கள் என்று அவன் கேட்கட்டும். பதிலைக் கேட்ட பிறகும் இதுதான் வேண்டும் என்றால், கணக்கு பி.எஸ்.ஸியோடு ஆசிரியர் சான்றிதழ் தரும் கல்லூரிகளின் பட்டியலை அனுப்புகிறேன், எழுதுங்கள்.